பழுதான பழைய கணினியும் பினாங்குத் தொழிற்சாலைக்குப் போன நம் பெண்களும்



வரலாறு என்றதும் நம் மாணவர்களுக்கு மன்னர்களும் போர்களும் ஆண்டுகளுமே நினைவுக்கு வருகின்றன. சுங்கைப் பட்டாணி வட்டாரத்தில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. பூஜாங் பள்ளத்தாக்கு அருகிலேயே இருக்கிறது. மெர்போக் அருங்காட்சியகத்திற்கும் சுங்கை பத்து அகழாய்விடத்திற்கும் மாணவர்களை அழைத்துச் சென்று, உடைந்த செங்கல்லும் இரும்புக் கசடும் சொல்லும் வரலாற்றைக் காட்டுகிறோம். இதைச் செய்தவர் யார்? எங்கிருந்து வந்தது? எப்படிப் பழுதானது? இந்த மூன்று கேள்விகளே அகழாய்வின் அடிப்படை.

இதே கேள்விகளை நாற்பது ஆண்டுப் பழமையான ஒரு வீட்டுக் கணினியிடமும் கேட்கலாம். பழைய மின்னியல் கருவிகளைப் பழுது பார்ப்பது எனக்குச் சில ஆண்டுகளாகப் பொழுதுபோக்கு. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் கற்ற பற்றுவைப்பு (சோல்டரிங்) வேலையே அதற்கு முதலீடு. அவ்வாறு என் கைக்கு வந்த ஒரு கணினி, கெடாவின் தோட்டப்புற வரலாற்றில் நாம் எழுதாமல் விட்ட ஒரு பக்கத்தை எனக்குக் காட்டியது. அதை ஆசிரியர்களோடும் பெற்றோர்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எந்தக் கணினி?

அதன் பெயர் சின்கிளேர் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம். 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் அறிமுகமானது. 16 கிலோபைட் நினைவகம் கொண்டது 125 பவுன். 48 கிலோபைட் கொண்டது 175 பவுன். அன்றைய நிலையில் இது மிக மலிவு. கணினி என்பது பல்கலைக்கழகத்திலும் வங்கியிலும் மட்டுமே இருக்கும் பொருள் என்றிருந்த காலத்தில், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளின் படிப்பு மேசைக்கு அதைக் கொண்டுவந்த கருவிகளுள் இதுவும் ஒன்று. தனித் திரை கிடையாது. வீட்டுத் தொலைக்காட்சியே திரை. வன்தட்டு கிடையாது, பாட்டு கேட்கும் ஒலிநாடாவே சேமிப்பகம். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைக்கூட அதன் 48 கிலோபைட்டில் அடக்க முடியாது.

நம் நாட்டுக்கு இது பொருந்தி வந்ததற்கு ஓர் எளிய காரணம் உண்டு. பிரிட்டனில் இருந்த அதே மூன்று முனைச் செருகியும் 240 வோல்ட் மின்சாரமுமே அன்று மலேசியாவிலும் வழக்கம். தொலைக்காட்சியின் வண்ண முறையும் ‘பால்’ முறையே. காலனித்துவம் நமக்கு விட்டுச்சென்றவற்றுள் மின் செருகியும் ஒன்று என்று மாணவர்களிடம் சொன்னால் அவர்கள் வியப்படைகிறார்கள்.

பழுதை எப்படி அறிவது?

என்னிடம் வந்தபோது அந்தக் கணினி உயிரற்றுக் கிடந்தது. இத்தகைய கருவியைக் கண்டவுடன் மின்சாரத்தில் இணைத்துப் பார்க்க ஆவல் எழும். அதை அடக்குவதே முதற்பாடம். மருத்துவர் நாடி பார்ப்பதற்கு முன் நோயாளியின் முகத்தைப் பார்ப்பது போல, முதலில் கண்ணால் காணவேண்டும்.

முதற்படி, திறந்து பார்த்தல். அடியிலுள்ள ஐந்து திருகுகளைக் கழற்றினால் மேல்மூடி எழும்பும். ஆனால் முழுதாகத் தூக்கிவிடக் கூடாது. விசைப்பலகையிலிருந்து இரண்டு மெல்லிய நெகிழிப் பட்டைகள் பலகைக்குச் செல்கின்றன. நாற்பது ஆண்டுகளில் அவை காய்ந்த வாழைச்சருகு போல் ஆகியிருக்கும், இழுத்தால் முறியும். ஸ்பெக்ட்ரம் கணினிகளில் சில விசைகள் மட்டும் வேலை செய்யாமற்போவதற்குப் பெரும்பாலும் இப்பட்டையின் விரிசலே காரணம். அதற்குப் புதிய மென்சவ்வு வாங்கி மாற்றுவதே வழி.

இரண்டாம் படி, மின்னூட்டியைச் சோதித்தல். ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட் நேர்மின்சாரம் தேவை. இதன் செருகியில் நடுமுனை எதிர்மின், வெளிவளையம் நேர்மின். இன்று கடைகளில் கிடைக்கும் மின்னூட்டிகள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானவை. முனை பொருந்துகிறது என்பதற்காகக் கையில் கிடைத்ததைச் செருகினால் பழுது இரண்டாகும்.

மூன்றாம் படி, பலகையின் உள்ளே மின்னழுத்தங்களை அளத்தல். பழுது பெரும்பாலும் இங்கேதான் அகப்படும். இக்கணினியின் கீழ் நினைவகத்தில் உள்ள 4116 வகைச் சில்லுகளுக்கு ஒன்றல்ல, மூன்று மின்னழுத்தங்கள் தேவை: +5, +12, −5 வோல்ட். பலகையிலுள்ள ஒரு சிறு கம்பிச்சுருளும் இரண்டு டிரான்சிஸ்டர்களும் சேர்ந்து 9 வோல்ட்டிலிருந்து +12, −5 ஆகியவற்றை உருவாக்குகின்றன. −5 வோல்ட் நின்றுபோய் +12 மட்டும் தொடர்ந்தால் நினைவகச் சில்லுகள் சூடேறி இறக்கும். நான் அளந்தபோது −5 வோல்ட் முற்றாக இல்லை. டிரான்சிஸ்டர் நான்கு என்று பலகையில் குறிக்கப்பட்ட உறுப்பு பழுதாகியிருந்தது. ஸ்பெக்ட்ரம் கணினிகளைப் பழுது பார்ப்போர் பலரும் முதலில் ஐயுறும் உறுப்பு அது. புதிதாக மாற்றியதும் மூன்று அழுத்தங்களும் திரும்பின. உலர்ந்துபோன மின்தேக்கிகளையும் அப்போதே மாற்றிவிட்டேன்.

நான்காம் படி, திரை சொல்வதைக் கேட்டல். நலமான ஸ்பெக்ட்ரம் உயிர்பெறும்போது கறுத்த திரையில் சிவந்த செங்குத்துக் கோடுகள் ஒரு கணம் தோன்றி மறையும். அது கணினி தன்னைத்தானே சோதிக்கும் தருணம். நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் 2 என்ற எண்ணை எழுதி, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று அது படித்துப் பார்க்கிறது. ஆசிரியர் சொல்வதெழுதுதல் நடத்தி உடனே திருத்துவது போன்ற செயல்தான்.

என் கணினியில் அந்தச் சோதனை நிறைவேறவில்லை. திரையில் ஒரே இடைவெளியில் தேவையற்ற கோடுகள் நின்றன. எண்ணிப் பார்த்தேன்; எட்டுப் புள்ளிகளுக்கு ஒரு கோடு. இங்கே கணிதம் கைகொடுக்கிறது. ஒரு பைட் என்பது எட்டு பிட்டுகள். கீழ் நினைவகத்தில் எட்டுச் சில்லுகள் உள்ளன. ஒவ்வொரு பைட்டின் ஒவ்வொரு பிட்டையும் ஒவ்வொரு சில்லு ஏற்கிறது. எட்டில் ஒன்று கெட்டால், திரை முழுதும் எட்டுக்கு ஒரு புள்ளி தவறும். கோடு எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கொண்டே கெட்ட சில்லு எதுவென்று கண்டுகொள்ளலாம். விரலால் தொட்டேன், அந்தச் சில்லு மட்டும் அதிகமாகச் சுட்டது. அதை மாற்றியதும் வெண்ணிறத் திரையின் அடியில் 1982 என்ற ஆண்டோடு உற்பத்தியாளரின் உரிமைக் குறிப்பு தோன்றியது.

பாதி கெட்டுப் பாதி நலமான சில்லுகள்

வேலை அத்துடன் முடியவில்லை. 23732, 23733 ஆகிய இரு முகவரிகளிலுள்ள எண்களைக் கணினியிடமே கேட்டேன். இரண்டாவது எண்ணை 256-ஆல் பெருக்கி முதலாவதோடு கூட்டினால், சோதனையில் தேறிய நினைவகத்தின் கடைசி முகவரி கிடைக்கும். 48 கிலோபைட் கணினியில் விடை 65535 ஆக இருக்கவேண்டும். எனக்குக் கிடைத்தது 32767. அஃதாவது, மேல் நினைவகத்தில் இன்னொரு பழுது இருந்தது. நலமான 16 கிலோபைட்டோடு கணினி தன் கடமையைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தது.

மேல் நினைவகத்தை ஆராய்ந்தபோதுதான் ஸ்பெக்ட்ரமின் விலை எப்படிக் குறைந்தது என்பது விளங்கியது. அதிலுள்ள எட்டுச் சில்லுகளும் உண்மையில் 64 கிலோபிட் சில்லுகளாகச் செய்யப்பட்டவை. உற்பத்திச் சோதனையில் ஒரு பாதியில் குறை காணப்பட்டவை.  சின்கிளேர் நிறுவனத்தார் அவற்றை மலிவாக வாங்கி, நலமான பாதியை மட்டும் பயன்படுத்தினர். கீழ்ப்பாதியா, மேற்பாதியா என்பதைப் பலகையில் ஒரு சிறு இணைப்புக் கம்பி முடிவு செய்தது. ஒரே பாதி நலமான சில்லுகளை ஒரு பலகைக்கெனப் பிரித்து அடுக்கிவிட்டால் போதும்.

ஆசிரியர் பணியில் இருக்கும் நாம் இச்செய்தியை எளிதில் கடந்துபோக முடியாது. ஒரு பாடத்தில் தேறாத பிள்ளையை ‘இவனுக்கு ஒன்றும் வராது’ என்று பின்வரிசையில் அமர்த்திவிடும் பழக்கம் நம்மிடம் முற்றாக மறைந்துவிடவில்லை. பாதி தேறாத சில்லைக்கூட எந்தப் பாதி நலம் என்று பார்த்துப் பணியில் அமர்த்தியவர்கள் உண்டு. இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

‘மலேசியா’ என்னும் முத்திரை

பலகையைத் துடைத்து ஒவ்வொரு சில்லின் மேலுள்ள எழுத்தையும் உருப்பெருக்கியால் படித்தேன். இரண்டு சிறு தருக்கச் சில்லுகளின் முதுகில் ‘மலேசியா’ என்று அச்சிடப்பட்டிருந்தது. இது அரிய செய்தியன்று. 1970-களிலும் 1980-களிலும் செய்யப்பட்ட கணினிகளை உலகின் எந்த மூலையில் திறந்தாலும் இந்தப் பெயரைக் காணும் வாய்ப்பு மிகுதி. இன்டெல் சில்லுகளில் ‘மலாய்’ என்று சுருக்கியும் அச்சிட்டார்கள். அரிதாக இருப்பது, அந்தப் பெயரைக் கண்டு ‘ஏன்?’ என்று கேட்பதுதான்.

ஏன் என்பதற்கு வரலாறு விடை தருகிறது. 1969-இல் பினாங்கு முதலமைச்சராகப் பொறுப்பேற்றவர் துன் லிம் சோங் யூ. துறைமுக வணிகம் நலிந்து, வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியிருந்த காலம் அது. 1972-இல் பாயான் லெப்பாசில் நாட்டின் முதல் தடையற்ற வாணிக வட்டாரம் தோன்றியது. இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட்-பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரானிக்ஸ், ஹிட்டாச்சி, கிளாரியன், பாஷ் ஆகிய எட்டு நிறுவனங்கள் முதலில் வந்தன. அவற்றை ‘எட்டுச் சாமுராய்கள்’ என்று அழைப்பது பினாங்கின் வழக்கம். இன்டெல் நிறுவனம் அமெரிக்காவிற்கு வெளியே அமைத்த முதல் உற்பத்தி ஆலை இங்கேதான் எழுந்தது. இதே காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் ஆலை அமைத்தன.

சில்லு என்பது எடை குறைந்த, விலை மிகுந்த பொருள். சிலிக்கான் தகடுகளை அமெரிக்காவில் செய்து விமானத்தில் இங்கே அனுப்பினார்கள். இங்கே அவற்றைத் துண்டுகளாக்கி, கம்பி பிணைத்து, கரிய பொதிக்குள் அடைத்து, சோதித்து, மீண்டும் விமானத்தில் அனுப்பினார்கள். திரும்பி வரும் சில்லின் மேல், வெளிநாட்டில் கூடிய மதிப்புக்கு மட்டுமே வரி விதிக்கும் சலுகை அமெரிக்கச் சுங்கச் சட்டத்தில் இருந்தது. அந்த ‘கூடிய மதிப்பு’ என்பது என்ன? பெரும்பாலும் இளம்பெண்களின் உழைப்பு.

அந்தக் கைகள்

சிலிக்கான் துண்டுக்கும் சில்லின் வெளிக்கால்களுக்கும் இடையே இணைப்பாவது தங்கக் கம்பி. அதன் தடிப்பு ஏறத்தாழ 25 மைக்ரோமீட்டர். மனிதத் தலைமுடியில் பாதிகூட இல்லை. 1970-களில் இவ்விணைப்பைப் பெரும்பாலும் பெண்கள் நுண்ணோக்கியில் கண்பதித்து ஒவ்வொன்றாகச் செய்தார்கள். ஒரு நினைவகச் சில்லுக்குப் பதினாறு கால்கள். 48 கிலோபைட் ஸ்பெக்ட்ரம் ஒன்றிலுள்ள சில்லுகளின் கால்களை எண்ணினால் நானூறைத் தாண்டும்.

இவ்வேலையில் சேர்ந்தவர்களுள் பெரும்பாலோர் மலாய்க் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள். அவர்களோடு சீனப் பெண்களும், நம் தோட்டப்புறத் தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். பீடோங், பாடாங் செராய், கோல கெட்டில் எனக் கெடாவின் ரப்பர்த் தோட்டங்கள் பரவியிருந்த ஊர்களில், தாய் விடியுமுன் பால்மரம் வெட்டப் புறப்பட, மகள் தொழிற்சாலைப் பேருந்துக்குப் புறப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்படும் வரை தீவுக்குச் செல்லப் படகுத்துறைதான் வழி. சிலர் தீவிலேயே அறை எடுத்துத் தங்கினார்கள். சிலர் பிறையிலும் சுங்கைப் பட்டாணியின் பாக்கார் ஆராங்கிலும் எழுந்த ஆலைகளில் சேர்ந்தார்கள். மழையால் நிற்காத மாதச் சம்பளம் என்பது தோட்டக் குடும்பத்திற்குப் புதிது. கண்வலியும் இரவுப்பணியும் அதற்குக் கொடுத்த விலை. மின்னியல் தொழிலாளர்கள் தேசிய அளவில் ஒரு தொழிற்சங்கம் அமைக்க நெடுங்காலம் அனுமதியும் கிடைக்கவில்லை.

பழுது நீங்கிய கணினியைப் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நாளன்று மேசைமேல் திறந்தபடி வைத்திருந்தேன். ஒரு மாணவியின் பாட்டி, எழுபதை நெருங்கியவர், நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சில்லைச் சுட்டி, "சார், இதுக்குள்ள தங்கக் கம்பி இருக்கும். நாங்க ‘பாண்டிங்’னு சொல்வோம். ஒன்பது வருசம் செஞ்சேன்" என்றார். கணினியை இயக்கிக் காட்டினேன். "செஞ்சு அனுப்பினதோட சரி. இது எங்க போகுது, என்னா ஆகுதுன்னு எங்களுக்கு யாரும் காட்டினதில்லை" என்றார். பேத்திக்கு அன்றுவரை தன் பாட்டி தொழிற்சாலையில் வேலை செய்தார் என்பது மட்டுமே தெரியும். என்ன செய்தார் என்பது தெரியாது.

இன்னொரு செய்தியையும் இங்கே சேர்க்கவேண்டும். ஸ்பெக்ட்ரம் கணினியைப் பூட்டியது ஸ்காட்லாந்தின் டண்டீ நகரிலிருந்த டைமெக்ஸ் தொழிற்சாலை. கைக்கடிகாரம் செய்துவந்த அவ்வாலையின் தொழிலாளர்களுள் பெரும்பாலோரும் பெண்களே. கசப்பான ஒரு வேலைநிறுத்தத்திற்குப் பிறகு அந்த ஆலை 1993-இல் மூடப்பட்டது. கணினி வரலாற்று நூல்களில் சர் கிளைவ் சின்கிளேரின் பெயர் இருக்கிறது, இருக்கவேண்டியதுதான். ஆனால் அவருடைய கணினி இரண்டு கண்டத்துப் பெண்களின் விரல்களைக் கடந்தே வீடுகளுக்குச் சென்றது.

திரையில் அகரம்

மேல் நினைவகத்தில் கெட்ட சில்லுக்கு ஈடாக, முழுதும் நலமான 64 கிலோபிட் சில்லு ஒன்றைப் பொருத்தினேன். விடை 65535 ஆயிற்று. நலம்பெற்ற கணினியில் மாணவர்கள் என்ன செய்வது? தமிழ் எழுத முடிவு செய்தோம்.

ஸ்பெக்ட்ரமின் ஒவ்வோர் எழுத்தும் எட்டுக்கு எட்டு கட்டத்திற்குள் அமைந்தது. ஆங்கில எழுத்து வடிவங்கள் அதன் நிலைநினைவகத்தில் பதிந்துள்ளன. ஆனால் பயனர் தாமே வரைந்துகொள்ள 21 எழுத்து இடங்களை வடிவமைத்தவர்கள் ஒதுக்கிவைத்தார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் கணிதப் பயிற்சிப் புத்தகத்தில் எட்டுக்கு எட்டு கட்டம் போட்டு, நிறைந்த கட்டத்திற்கு 1, வெற்றுக் கட்டத்திற்கு 0 என்று எழுதி, ‘அ’ வரைந்தார்கள். ‘ப’ எளிதில் அமைந்தது. ‘ண’ கட்டத்திற்குள் அடங்காமல் திமிறியது. தமிழ் எழுத்துகள் 247, இடமோ 21. ‘க’ என்பதற்கும் ‘கா’ என்பதற்கும் ககரத்தை இருமுறை வரையவேண்டுமா, துணைக்காலை மட்டும் தனியாக வரைந்தால் போதுமா என்று ஒரு மாணவன் கேட்டான். தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்கள் அனைவரும் எதிர்கொண்ட கேள்வி அது. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1980-களின் நடுப்பகுதியிலேயே இப்பணியில் இறங்கி ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். இன்று நாம் கைப்பேசியில் தமிழ் தட்டுவது அத்தகையோர் உழைப்பின் பயன். கட்டத்தோடு போராடிய மாணவர்களுக்கு அந்த உழைப்பின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆசிரியர்களும் பெற்றோர்களும் செய்யக்கூடியவை

1. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில், பழுதான பழைய கருவி ஒன்றைத் திறந்து காட்டுங்கள். மின்கலத்தாலோ தாழ்ந்த நேர்மின்சாரத்தாலோ இயங்குபவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பழைய குழாய்த் தொலைக்காட்சியையும் மின்னூட்டிப் பெட்டியையும் மாணவர் திறக்கவே கூடாது. அணைத்த பின்னும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

2. ஊகித்து மாற்றுவதைத் தவிர்த்து, அளந்து அறியக் கற்பியுங்கள். ‘பார், அள, எண்ணு, பிறகு மாற்று’ என்ற வரிசை எல்லாப் பாடத்திற்கும் பொருந்தும்.

3. சில்லுகளின் மேலுள்ள ஊர்ப்பெயர்களைப் பட்டியலிடச் சொல்லி, உலக வரைபடத்தில் குறிக்கச் செய்யுங்கள். அது வரலாறும் புவியியலும் சேர்ந்த பாடம்.

4. பெற்றோர்களே, வீட்டில் பாட்டி, அத்தை, பெரியம்மா எவரேனும் மின்னியல் ஆலையில் வேலை செய்திருந்தால், பிள்ளைகளை அவரிடம் அனுப்பிக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். எந்த ஆண்டு, எந்தப் பேருந்து, என்ன வேலை, முதற்சம்பளத்தில் என்ன வாங்கினார் என்று எழுதட்டும்.

நான்காவது வேண்டுகோள் அவசரமானது. 1972-இல் இருபது வயதில் வேலைக்குச் சென்றவர் இன்று எழுபதைக் கடந்தவர். தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால்மரம் வெட்டியவர்களைப் பற்றிக் கதைகளும் கவிதைகளும் நம்மிடம் உள்ளன. நுண்ணோக்கியில் குனிந்திருந்த அவர்களின் மகள்களைப் பற்றி நாம் எழுதியது மிகக் குறைவு. அவர்கள் பொதிந்த சில்லுகள் நாற்பது ஆண்டு கடந்தும் உழைக்கின்றன. 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. இன்று அங்கே சிலிக்கான் தகடுகளே செய்யப்படுகின்றன. அந்த ஆலைகளுக்குப் பொறியியலாளராகப் போக விரும்பும் நம் பிள்ளைகள், அந்தப் பாதையில் தமக்கு முன் நடந்தவர் தம் பாட்டி என்பதை அறிந்து செல்லவேண்டும்.

கேட்டு எழுதியவற்றை வகுப்பில் படிக்கச் செய்து, தொகுத்துப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். அடுத்த தலைமுறை ஆசிரியருக்கு அது பாடநூலாகும்.